தெற்கு ஜன்னலுக்கு வந்த சூரியன்

மெல்பர்ன் புறநகரான டார்னெய்ட்டில் சூரியனைத் தெற்குப் பக்கத்திலிருந்து வரவழைத்த ஒரே மனிதன் நான்தான். அதுவும் நடுக் குளிர்காலத்தில், உச்சி வேளையில், எங்கள் சாப்பாட்டு மேசைக்கு. வானத்தை நிர்வகிப்பவர்கள் யாராக இருந்தாலும் என்னிடம் வந்து ஒரு வார்த்தை விசாரித்திருக்க வேண்டும். விசாரிக்கவில்லை. நானும் பெரிதுபடுத்தவில்லை.

மெல்பர்னில் கொஞ்ச நாள் இருந்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். இங்கே சூரியன் கிழக்கே எழுந்து, வடக்கு வானத்தில் சாய்ந்தபடியே நடந்து, மேற்கே போய் விழும். குளிர்காலத்தில் தெற்குப் பக்கம் மரியாதைக்குக்கூட எட்டிப் பார்க்காது. அதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் எல்லாரும் நம்பிவிட்டார்கள், அல்லது நம்பியதாகச் சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்கள். கடைசிவரை நம்ப மறுத்தவள் ஒருத்திதான். என் மனைவி கலா. நியாயமாகப் பார்த்தால் அவள்மேல் குற்றமில்லை. ஒரு மேக்பை பறவை என் மூக்குக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு போய், ஒரு வாரம் வைத்திருந்து, துடைத்துத் திருப்பிக் கொடுத்தது என்று நான் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கண்ணாடியைச் சோபாவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தவள் கலா. பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

நான் ரயில்வே சிக்னல் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றதும், ஸ்பிரிங்வேலில் இருந்த பழைய வீட்டை விட்டுவிட்டு டார்னெய்ட்டில் புதிதாகக் கட்டினோம். வடக்குப் பார்த்த மனைதான் வேண்டும் என்பதில் நான், கலா, கோயம்புத்தூரிலிருந்து தொலைபேசியில் பேசிய வாஸ்து நிபுணர் ஆகிய மூவரும் ஒரே குரலில் நின்றோம். குபேரன் வடக்கிலிருந்துதான் வருவாராம். அந்த ஒரு மனிதருக்காக நம்மவர்களுக்குள் வடக்குப் பார்த்த மனைகளுக்கு அடிதடி. எங்களுக்குப் பின்னால் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடந்த தெற்குப் பார்த்த மனையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த ஊரில் பில்டர் கொடுக்கும் வீட்டுக்கு ஒரு அமைப்பு உண்டு. தெருப் பக்கம் கார் நிறுத்தும் கராஜ். அதை ஒட்டி ‘தியேட்டர் ரூம்’ என்று ஒரு சின்ன அறை. மனிதர்கள் புழங்கும் ஹால், சமையலறை, சாப்பாட்டு மேசை எல்லாம் கொல்லைப் பக்கம். வாசல் வடக்கே என்றால் கொல்லை தெற்கே. ஆகவே இந்தக் கண்டத்துக்கு ஒதுக்கப்பட்ட வெயில் முழுவதும் எங்கள் கராஜ் கதவில் வந்து அடித்தது. கார் ராஜபோகமாகக் குளிர் காய்ந்தது. நாங்கள் பின்னால் கம்பளிச் சட்டையோடு ஒருவரையொருவர் குரலால் அடையாளம் கண்டுகொண்டு வாழ்ந்தோம். ஒரு நாள் பட்டப்பகலில் எங்கள் சமையலறைக்குள் வந்த வௌவால் ஒன்று, சுவரில் மூன்று முறை முட்டிக்கொண்டு, விளக்கு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனது.

குடிவந்து முதல் குளிர்காலம் முடிவதற்குள், மூன்று பேர் சேர்ந்து எடுத்த வாஸ்து முடிவு நான் ஒருவன் மட்டும் எடுத்த முடிவாக மாறிவிட்டது.

அதையும் சிரித்துச் சமாளித்திருப்பேன். இந்த வருடம் கலாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை அறுவை நடந்தது. பார்வை நன்றாகத் திரும்பியது. ஆனால் கூசும் வெளிச்சத்தைக் கண் தாங்கவில்லை. சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுப்பவள் அவள். வாரம் முழுக்கப் பிள்ளைகளின் நோட்டுகள் மேசையில் மலை மாதிரி கிடக்கும். மின்விளக்கைப் போட்டால் கூரையில் பதித்த குட்டிக் குட்டி பல்புகள் அவள் கண்ணில் ஊசி மாதிரி இறங்கின. அணைத்தால் நோட்டு தெரியவில்லை. முன்னால் தியேட்டர் ரூமுக்குப் போனால், தாழ்ந்து வரும் வடக்கு வெயில் நேராக முகத்தில் அடித்து, போதாததற்குப் பளபளப்பு டைல்ஸில் பட்டுக் கீழிருந்தும் அடித்தது. கால் மணி நேரத்தில் கண்ணில் தண்ணீரும் மண்டையில் இடியுமாக எழுந்து வருவாள். திரையை இறக்கினால் மறுபடி இருட்டு.

“இந்த இடம் குருடாக்குது, அந்த இடம் அழ வைக்குது” என்றாள். “எனக்கு ஒரு நாற்காலி போட இத்தனை பெரிய வீட்டுல இடமில்ல. தேஜு ஃபிளாட்டுல ஒரு மூலைல உட்கார்ந்தா போதும், பகல் பூரா படிக்கலாம்.”

தேஜு என்பது எங்கள் மகள் தேஜஸ்வினி. சிட்னியில், லிட்கமில், ஒன்பதாவது மாடி. சூரியன் அங்கே வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது.

“அதுக்காக அங்கேயே போய் இருக்க முடியுமா?” என்றேன்.

“ஏன் முடியாது? வித்துட்டுப் போயிடலாம்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவள் நிஜமாகவே சொல்கிறாள் என்று புரிந்தது. இந்த டார்னெய்ட்டில் என் கதையைக் கேட்க ஒரு தெருவே இருக்கிறது. நூலகத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி. வாய்க்கால் ஓரத்தில் காலை நடைக்கு ஒரு கூட்டம். லிட்கம் ஒன்பதாவது மாடியில் என் கதையை லிஃப்டிடம்தான் சொல்ல வேண்டும். அது பாதியில் கதவைத் திறந்துவிடும்.

“ஒரு தடவை யாரையாவது வச்சு அளந்து பார்த்துடலாம் கலா. வழி இல்லேன்னு அவங்க சொல்லிட்டா, நானே விற்பனைக்குன்னு போர்டு எழுதி வாசல்ல நட்டுடறேன்” என்றேன்.

அளக்க வந்தவள் ஹம்சா. யாழ்ப்பாணத்துப் பெண். கட்டடத்துக்குள் பகல் வெளிச்சம் எவ்வளவு வருகிறது, எப்படி வருகிறது, கண்ணுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் அவள் உத்தியோகம். அவள் மகன் கலாவிடம் படிக்கிறான் என்பதால் ஒரு ஞாயிறு மதியம் எங்களுக்காக வந்தாள். கையில் டெலிபோன் ரிசீவர் அளவுக்கு ஒரு கருவி, அதன் தலையில் வெள்ளையாக ஒரு குமிழ். லக்ஸ் மீட்டர் என்றாள்.

“அங்கிள், வீட்டு லைற் எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ. வெளியில இருந்து வாற வெளிச்சத்தை மட்டும்தான் அளக்கப் போறன்.”

“எல்லாத்தையும் நிறுத்தினா நீ என்னைத் தேட வேண்டி வரும்மா.”

“தேவையில்ல அங்கிள். நீங்கள் கதைச்சுக்கொண்டேதானே இருப்பியள்.”

கலா முதல் தடவையாக அன்று சிரித்தாள்.

ஹம்சா சாப்பாட்டு மேசையில் கருவியை வைத்தாள். “அறுபது லக்ஸ். வாசிச்சுத் திருத்திறதெண்டால் குறைஞ்சது முன்னூறாவது வேணும்.” பிறகு குசினி என்று சொல்லிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே அதைவிடக் குறைவு. பிறகு முன்னறைக்குப் போனாள். அங்கே கருவி துள்ளியது.

“இங்க ஆறாயிரம் அங்கிள்.”

“பார்த்தியா கலா, ஆறாயிரம். பணக்காரங்க நாம.”

“இல்லை அங்கிள், இதுவும் பிழை” என்றாள் ஹம்சா. “வெளிச்சம் கூடினால் நல்ல வெளிச்சம் எண்டு இல்லை. ஜன்னல் பக்கம் ஆறாயிரம், இந்தச் சுவர்ப் பக்கம் நூறு. கண் ரெண்டுக்கும் நடுவில ஓடி ஓடிக் களைச்சிடும். அன்ரியின்ர கண் இப்பதான் ஒப்பரேசன் செய்த கண். அவவுக்கு ஒரே சீரா, மெத்தெண்டு வாற வெளிச்சம்தான் வேணும்.”

எனக்கு எரிச்சல் வந்தது. குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு. “கராஜையும் அளந்து சொல்லும்மா” என்றேன். கதவைத் தூக்கினோம். மதிய வெயில் காரின் முகத்தில் பட்டுத் தெறித்தது. ஹம்சா பார்த்துவிட்டு, எங்களைப் பார்த்து வருத்தப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் எண்ணைச் சொன்னாள். முன்னறையைப்போல இரண்டு மடங்கு.

“நோட்டெல்லாம் காரே திருத்தட்டும்” என்று கலா உள்ளே போய்விட்டாள்.

நான் ஹம்சாவைக் கொல்லைப் பக்கம் அழைத்துப் போனேன். யாரும் திரும்பிப் பார்க்காத அந்தப் பின் மனையில் இப்போது இரண்டு மாடி வீடு ஒன்று எழும்பி, அப்போதுதான் ஆட்கள் குடிவந்திருந்தார்கள். எங்கள் பக்கம் பார்த்து மாடிப்படிக்கு ஒரு பெரிய ஜன்னல். அதுவரை எங்கள் மேசையிலிருந்து தெரிந்த கைக்குட்டை அளவு வானத்தையும் அந்த வீடு எடுத்துக்கொண்டது.

“இந்தப் பக்கம் வெயில் வர ஒரு வழியும் இல்லையாம்மா?”

“தெற்கு ஜன்னல் அங்கிள். குளிர் காலத்தில நேர் வெயில் வராது. சான்ஸே இல்லை. கூரையில ஓட்டை போட்டு ஒரு ஸ்கைலைற் கண்ணாடி வைக்க ஏலுமோ எண்டு கேட்டுப் பாருங்கோ.”

கேட்டேன். கூரைக்குள் தலையை விட்டுப் பார்த்த ஆள், தும்மிக்கொண்டே இறங்கினார். ஹாலுக்கு மேலே ஹீட்டர் குழாய்களும் மரச் சட்டங்களும் இடியாப்பம் மாதிரி பின்னிக் கிடக்கின்றனவாம். துளை போட்டால் வீட்டின் உத்தரவாதம் போய்விடுமாம். கராஜை உட்காரும் அறையாக மாற்றலாமா என்று கேட்டேன். குடியிருப்பின் விதிமுறையில் இடமில்லை, தெருவில் கார் நிற்கக் கூடாது என்றார்கள்.

பிறகு நானே களத்தில் இறங்கினேன். பின் வேலி முழுக்க சமையலறை அலுமினியத் தாளை ஒட்டினேன். வெளிச்சம் வரவில்லை. தங்கள் முகத்தைப் பார்த்துச் சண்டை போட மேக்பை பறவைகள் வந்தன. இந்த முறை நிஜமாகவே வந்தன, ஆனால் அதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. வேலிக்கு வெள்ளை பெயின்ட் அடித்தேன். பழைய சாமான் கடையிலிருந்து ஆள் உயரக் கண்ணாடி ஒன்று வாங்கி வந்து வேலியில் கட்டினேன். ஒரு நாள் மதியம் அது தோசை அளவுக்கு ஒரு வெளிச்சத்தை எங்கள் ஹாலின் உட்கூரையில் வீசியது. கலாவைக் கூப்பிட்டேன். அவள் வந்து அண்ணாந்து பார்ப்பதற்குள் காற்று அடித்துக் கண்ணாடி விழுந்து நொறுங்கியது.

“தோசை எங்க?” என்றாள்.

“இப்பதான் இருந்தது.”

“இருந்திருக்கும்” என்று துடைப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த ஒரு வார்த்தையில் எத்தனை அவநம்பிக்கை.

அடுத்து, என் கோபம் முழுவதும் பின் வீட்டுக்காரன்மேல் திரும்பியது. நவீன்ராஜ் என்று பெயர். மலேசியாவில் கிள்ளானிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட, பேச்சுக்குப் பேச்சு ‘லா’ போடும் பையன். மனைவி ரதி. தெற்குப் பார்த்த மனை என்பதால் அவர்கள் ஹாலும் படிக்கட்டும் வடக்கே அமைந்து, வெயில் அந்த வீட்டுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. குபேரனைப் பற்றிக் கவலைப்படாதவனுக்குச் சூரியனே கிடைத்துவிட்டான். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள்.

வேலிக்கு மேல் தலையை நீட்டி, “தம்பி, உங்க படிக்கட்டு ஜன்னல்லேர்ந்து எங்க மேசையில என்ன குழம்புன்னு சொல்லிடலாம். ஒரு திரை போடக் கூடாதா?” என்றேன்.

“அங்கிள், அது மேல ஏறி இறங்குற இடம் லா. அங்க நின்னு யாரு குழம்பு பார்க்கப் போறா?”

“நாங்க பார்க்கிறோமே உங்களை.”

“பார்த்துக்குங்க அங்கிள், பரவால்ல” என்று சிரித்தான்.

பரவாயில்லை என்று யாரும் என்னிடம் சொல்லக் கூடாது. மறுநாள் காலை கொல்லையில் நாற்காலி போட்டு, ஃபிளாஸ்கில் காபியோடு அமர்ந்தேன். படியில் யார் ஏறினாலும் எழுந்து நின்று கையசைத்தேன். இறங்கினால் இரண்டு கையையும் அசைத்தேன். ரதி துணிக்கூடையோடு போனால், கூடை கனமா என்று சைகையில் விசாரித்தேன். நவீன்ராஜ் பல் தேய்த்துக்கொண்டே இறங்கினால், நானும் பல் தேய்ப்பதுபோல் காட்டினேன். மெல்பர்ன் குளிரில், மூக்கு கழன்று விழும் நிலையில், கடமை தவறாமல் செய்தேன்.

கலா ஜன்னலுக்குள்ளிருந்து இதையெல்லாம் பார்த்துவிட்டுப் பெட்டியை எடுத்து வைத்தாள். பள்ளி விடுமுறை வந்துவிட்டது. “லீவு பூரா தேஜுகிட்ட இருக்கப் போறேன். திரும்பி வர்ற அன்னிக்கு வீடு விக்கிற ஏஜென்ட்ட வரச் சொல்லியிருக்கேன். கையெழுத்துப் போட்டுடலாம்.”

“கலா, கொஞ்சம்…”

“ஏங்க, நான் கோபத்துல சொல்லல. எனக்குக் கண்ணு வேணும். நீங்க எனக்குக் காட்டுறதெல்லாம் இப்பதான் இருந்துச்சு, இப்பதான் போச்சுன்னு இருக்கு.”

விமான நிலையத்தில் அவளை விட்டுவிட்டு வந்தேன். அன்று வீட்டில் இருட்டு இன்னும் கெட்டியாக இருந்தது. கத்தியால் வெட்டி ஓரமாக அடுக்கி வைத்துவிட்டுத்தான் நாற்காலிக்குப் போனேன்.

சில நாளில் பின் வீட்டில் ஏணி போட்டு ஒரு ஆள் வந்தார். அந்த ஜன்னலின் கண்ணாடி முழுக்க ஏதோ தாளை ஒட்டினார். அவர் இறங்கியதும் பார்த்தால் ஜன்னல் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. படிக்கட்டு, துணிக்கூடை எதுவும் தெரியவில்லை. எங்கள் வீட்டுக் கூரையும் மேகமும்தான் தெரிந்தன.

நவீன்ராஜ் வேலியருகே வந்தான். “சாரி அங்கிள். ரதிக்குப் படியில ஏறவே கூச்சமா இருக்காம். அதான் மிரர் ஃபிலிம் ஒட்டிட்டோம். இனிமே நீங்க கையசைச்சாலும் எங்களைப் பார்க்க முடியாது லா.”

தோற்ற முகத்தை நான் வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் வெற்றி என்று நினைத்தேன். கிடைத்தது இரண்டுமில்லை, வேறொன்று என்று மறுநாள் மதியம்தான் தெரிந்தது.

மேசையில் தனியாக ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று ரசத்தில் இருந்த கடுகு தெரிந்தது. ஒவ்வொரு கடுகும் தனித்தனியாகத் தெரிந்தது. கொத்தமல்லியின் நரம்பு தெரிந்தது. என் கையில் ரேகை தெரிந்தது. நாற்பது வருடமாக நான் பார்க்காத ஆயுள் ரேகை, நன்றாக நீளமாகவே இருந்தது. நிமிர்ந்தேன். தெற்கே, அந்த மாடி ஜன்னலில், முழுச் சூரியன் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தது. வடக்கிலிருந்து எங்கள் கூரையைத் தாண்டிப் போன வெயில், அந்தக் கண்ணாடியில் மோதித் திரும்பி, எங்கள் கண்ணாடிக் கதவு வழியாக மேசைக்கே இறங்கிக்கொண்டிருந்தது.

நாற்பது பேருக்குக் கேட்கும்படி கத்தினேன். வீட்டில் ஒருவரும் இல்லை. உடனே கலாவுக்குப் போன் போட்டேன்.

“கலா, தெற்குலேர்ந்து வெயில் வருது.”

“மாத்திரை போட்டீங்களா?”

“போட்டேன். வெயில் வருது.”

“எத்தனை போட்டீங்க?”

“கலா, சத்தியமா வருது. என் கை ரேகை தெரியுது.”

“சரி. ரேகையில நாம லிட்கம் போறது தெரியுதான்னு பாருங்க.” வைத்துவிட்டாள்.

படம் எடுத்து அனுப்பினேன். டார்ச் அடித்து எடுத்திருக்கிறீர்கள் என்று பதில் வந்தது. மறுநாள் வீடியோ காலில் கூப்பிட்டேன். அவள் எடுக்கும் நேரம் மேகம் வந்து மூடியது. அதற்கு மறுநாளும் அப்படியே. அன்று தேஜஸ்வினிதான் எடுத்தாள். “அப்பா, இட்ஸ் ஓகே. நீங்க லோன்லியா ஃபீல் பண்றீங்க, எங்களுக்குப் புரியுது” என்றாள். வெயிலைப் பற்றிப் பேசினால் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். வாழ்நாள் முழுக்க நான் சொன்ன பொய்களையெல்லாம் ரசித்துக் கேட்ட குடும்பம், ஒரே ஒரு உண்மையைச் சொன்னதும் டாக்டரைப் பார்க்கச் சொல்கிறது.

இன்னொரு எரிச்சலும் இருந்தது. வந்த வெயில் கலாவுக்கு ஆகாத வெயில். எவர்சில்வர் தம்ளரில் பட்டால் கண்ணைக் குத்தியது. மேசைக் கண்ணாடியில் பட்டால் உச்சந்தலை வரை ஏறியது. எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. இவ்வளவு பாடுபட்டு, இன்னொரு தியேட்டர் ரூமைத்தான் உண்டாக்கியிருக்கிறேன். கடுப்பில் ஒரு மதியம் எழுந்து போய், பீரோவில் கைக்கு அகப்பட்ட வெள்ளைத் துணியை எடுத்து, கண்ணாடிக் கதவின் குறுக்கே திரைக்கம்பியில் வீசி இழுத்துவிட்டேன்.

என் அறுபதாம் கல்யாணத்துக்கு எடுத்த எட்டு முழ வேஷ்டி அது. சிவப்புக் கரை. வெயில் அதில் பட்டு நின்றது. நின்ற இடத்திலேயே கரைந்து, பால் மாதிரி அறை முழுக்கப் பரவியது. மேசையில், சுவரில், சமையலறை மூலையில் எங்கும் ஒரே அளவு. தம்ளர் தம்ளராக இருந்தது, கத்தியாக இல்லை. நான் நின்றபடியே பேச்சில்லாமல் இருந்தேன். இதை யாரும் நம்ப மாட்டார்கள், வேஷ்டி சமாச்சாரத்தைச் சொல்லவில்லை, நான் பேச்சில்லாமல் இருந்ததைச் சொல்கிறேன்.

ஹம்சாவை வரவழைத்தேன். வாசலிலேயே, “அங்கிள், தெற்கால வராது எண்டு சொன்னனான் எல்லே” என்றாள். பிறகு மேசையருகே வந்து நின்றுவிட்டாள். லக்ஸ் மீட்டரை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

“எழுநூறு. மூலையிலயும் முன்னூறுக்கு மேல. கண்ணும் கூசேல்ல.” வெளியே போய் மாடி ஜன்னலைப் பார்த்துவிட்டு வந்தாள். “ஆர் அங்கிள் உங்களுக்கு இப்பிடி டிசைன் செய்து தந்தது?”

“நானேதான். ரொம்ப நாள் கையசைச்சு வரவழைச்சேன்.”

“பகல்ல ஒரு ரெண்டு மணித்தியாலம்தான் நிக்கும். குளிர் முடிஞ்சு சூரியன் உயரப் போனால் இது நிலத்தில விழுந்திடும். ஆனா அப்ப வீட்டில வேற வெளிச்சம் இருக்கும்தானே. அன்ரிக்கு இது போதும்.”

என் முன்னாலேயே கலாவுக்குப் போன் செய்து அவள் அளவுகளைச் சொன்னாள். கலா பொறுமையாகக் கேட்டுவிட்டு, என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

“அந்தப் பொண்ணுக்குச் சாப்பிட என்ன குடுத்தீங்க?”

“மெதுவடை.”

“அதான்” என்றாள்.

கலா திரும்பி வந்த அன்று மேகம் மெல்பர்ன்மேல் மெத்தை விரித்துப் படுத்துவிட்டது. காலையிலிருந்து நான் கொல்லைக்கும் ஹாலுக்கும் நடந்ததில் புல் தேய்ந்து மண் தெரிந்தது. டாக்சியிலிருந்து இறங்கி உள்ளே வந்தவள் முதலில் பார்த்தது வேஷ்டியை.

“இது அறுபதாம் கல்யாணத்து வேஷ்டியில்ல?”

“ஆமா, அதுதான்…”

“ஜன்னலுக்குக் கட்டினீங்களா?”

“வெயில் வரட்டும் கலா, சொல்றேன்.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. அது என்னை அதிகமாகச் சுட்டது. பின்னாலேயே ஏஜென்ட் வந்துவிட்டார். மின்னும் ஷூ, மின்னும் பல். வீட்டைச் சுற்றிப் பார்த்து, வடக்குப் பார்த்த வாசல், இந்தியக் குடும்பங்கள் பறந்து வரும் என்று ஆங்கிலத்தில் மனம் குளிர்ந்து பேசினார். நான் அவருக்கு முறுக்கும் காபியும் கொடுத்தேன். அது முடிந்ததும் இன்னொரு காபி கொடுத்தேன். சிக்னல் பிரிவில் இருந்தபோது ஒரு கங்காருவுக்காக மொத்த மெல்பர்ன் ரயில்களையும் நிறுத்திய கதையைச் சொன்னேன். அந்தக் கங்காரு டிக்கெட் எடுத்திருந்தது என்கிற இடம்வரை நீட்டினேன். மேகம் அசையவில்லை. ஏஜென்ட் மூன்றாவது காபியைக் கையால் மறைத்தார்.

“போதுங்க” என்றாள் கலா, எனக்கு மட்டும் கேட்கும்படி. “என்ன சொன்னாலும் வெயில் வராது. உட்காருங்க.”

உட்கார்ந்தேன். இனி என்னிடம் கதை இல்லை. அறுபத்தெட்டு வருட வாழ்க்கையில் எனக்குக் கதை தீர்ந்துபோனது அந்த ஒரு முறைதான்.

ஏஜென்ட் தாளைக் கலாவின் முன்னால் வைத்து விரலால் ஒரு இடத்தைக் காட்டினார். கலா குனிந்தாள். இன்னும் குனிந்தாள். தாளைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்தாள். “எங்கன்னே தெரியல. அந்த லைட்டப் போடுங்க” என்றாள். நான் எழவில்லை. வேஷ்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். “ஏங்க, லைட்டு” என்றாள் மறுபடி.

நான் எழுந்து ஸ்விட்சுக்குக் கையை நீட்டினேன். அதைத் தொடும் முன் வேஷ்டி வெளுத்தது.

முதலில் சிவப்புக் கரை எரிந்தது. பிறகு துணி முழுக்கப் பால் ஏறியது. மேசை மேசையாக ஆனது. ஏஜென்ட்டின் பல்லில் ஒட்டியிருந்த முறுக்குத் துணுக்கு தெரிந்தது. கலா பேனாவைப் பிடித்தபடியே இருந்தாள். குனிந்திருந்தவள் மெல்ல நிமிர்ந்தாள். தாளை மேசையிலேயே வைத்துக்கொண்டு, நிமிர்ந்த முதுகோடு, ஒப்பந்தத்தின் பொடி எழுத்துகளை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். கண்ணைச் சுருக்கவில்லை. துடைக்கவில்லை. பக்கத்தைத் திருப்பினாள். அதையும் படித்தாள். நான் மூச்சுவிட்டால் மேகம் வந்துவிடுமோ என்று மூச்சையும் நிறுத்தி வைத்திருந்தேன்.

படித்து முடித்து, பேனாவை மூடி ஏஜென்ட்டிடம் கொடுத்தாள். “சாரி. நாட் டுடே” என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் நான்காவது காபி வேண்டுமா என்று கேட்டேன். போய்விட்டார்.

கலா பையிலிருந்து நோட்டுக்கட்டை எடுத்து மேசையில் வைத்தாள். ஒரு நோட்டைத் திருத்தினாள். இன்னொன்றைத் திருத்தினாள். “இந்தப் பயலுக்கு இன்னும் மெய்யெழுத்து வரல” என்று தனக்குள் சொன்னாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு, வேஷ்டியை ஒதுக்கி, கொல்லைக்குப் போனாள். நான் அவசரமாக வேஷ்டிக்குப் பின்னால் நின்றேன். துணிக்குக் காது உண்டு என்பதை அன்றுதான் கண்டேன்.

“தேஜு… ம், வந்துட்டேன்… இல்ல, கையெழுத்துப் போடல… இல்லடி, அவரு ஒண்ணும் கெஞ்சல, அதிசயமா சும்மா உட்கார்ந்திருந்தார்.” புல்லில் அவள் நடப்பது கேட்டது. பின் வீட்டைப் பார்த்து நிற்கிறாள் என்று நிழலில் தெரிந்தது.

“உங்கப்பா சொன்னாரே… ஆமா, அதுதான். தெற்குலேர்ந்துதான் வருது. நான் இங்க நின்னு பார்த்துட்டிருக்கேன், பின் வீட்டு மாடி ஜன்னல்ல உட்கார்ந்திருக்கு சூரியன். நிஜமாத்தான் நடந்திருக்கு.” குரலைத் தாழ்த்தினாள். “அவர்கிட்ட மட்டும் சொல்லிடாத.”